பச்சைக் கயிற்றில் அறுந்த புரி

காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு எல்லாம் தப்பாகப் போகத் தொடங்கியது. அப்போது எனக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. பள்ளியைப் பார்வையிட வந்த இன்ஸ்பெக்டரம்மா தம் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்வைப் புத்தகத்தில் எழுதி வைத்துவிட்டுப் போனார். பல வருஷம் கழித்து அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்துப் படித்தேன். 'பத்து நாற்பது: கோலாட்டம் தடைப்பட்டது' என்று ஒரு வரி இருந்தது. அந்தத் தடை நான்தான்.

முப்பதுகளின் கடைசியில் நடந்தது இது. எனக்குப் பத்து வயது. குமாரபாளையத்தில் எங்கள் தெரு முழுக்கத் தறி. தெருக்கோடியில் கிளுவை வேலி போட்ட ஒரு பெண்கள் பள்ளிக்கூடம், ஐந்தாம் வகுப்பு வரைக்கும். அதில் நான் ஐந்தாவது படித்தேன். படித்தேன் என்பதைவிட உட்கார்ந்திருந்தேன் என்று சொல்வது நியாயம்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. சென்ற வாரம் என் மகளின் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆண்டு விழா நாடகத்தில் அவள் நடிக்கப் பெற்றோர் சம்மதம் கேட்டிருந்தார்கள். இந்த வருஷம் அவளுக்கு எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. நான் கையெழுத்துப் போட மறுத்தேன். படிக்கத்தானே உன்னை அனுப்புகிறேன், வேஷம் கட்டவா என்று கேட்டேன். மறுநாள் சாயங்காலம் அவள் வீடு திரும்பும் நேரம் தாண்டி ஒன்றரை மணி ஆயிற்று. செருப்பு மாட்ட மறந்து நாங்கள் இப்போது குடியிருக்கும் சேலத்தின் அத்தனை தெருவிலும் அவளைத் தேடினேன். கடைசியில் பள்ளிக்கூடக் கூடத்தின் பின்பெஞ்சில், மற்றவர்கள் ஒத்திகை பார்ப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மற்ற எல்லாருடைய வசனத்துக்கும் அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும், "நீங்க மட்டும் ஆடலையாம்மா?" என்று கேட்டாள். என் பள்ளிக்கூடத்துக் கோலாட்டத்தைப் பற்றி எப்போதோ அவளிடம் சொல்லியிருந்தேன்.

ஆடினேன். அதனால்தான் இந்தக் கதை.

எங்கள் பெரிய டீச்சர் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர். எங்கள் தெருப் பெண்களுக்குக் கை உண்டு, வாய் இல்லை என்பது அவருடைய தீராத குறை. நான்கு வருஷத்தில் நான் அந்த வகுப்பில் 'ஆமாங்க', 'இல்லீங்க' என்ற இரண்டு வார்த்தைகளுக்கு மேல் பேசியதில்லை. அந்த வருஷம் இன்ஸ்பெக்டரம்மா வருகிறார் என்ற செய்தி வந்ததும் டீச்சருக்குக் கவலை பிடித்துக்கொண்டது. கேள்வி கேட்டால் வகுப்பில் இருந்த எட்டுப் பேரும் தரையைப் பார்ப்போம் என்று அவருக்குத் தெரியும். வாய்தான் இல்லை, கையையும் காலையுமாவது காட்டுவோம் என்று நினைத்தாரோ என்னவோ, பின்னல் கோலாட்டம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்.

பள்ளி முற்றத்துப் புங்கமரக் கிளையில் ஒரு பழைய வாளியின் இரும்பு வளையத்தைத் தொங்கவிட்டு, அதில் எட்டுக் கயிறு கட்டுவார்கள். ஆளுக்கொரு கயிறு இடது கையில், ஒரு கோல் வலது கையில். நாலு பேர் வலமாகவும் நாலு பேர் இடமாகவும் போக வேண்டும். எதிரே வருபவளோடு கோலைத் தட்டிவிட்டு ஒருத்திக்கு வெளியே, அடுத்தவளுக்கு உள்ளே என்று மாறி மாறி நுழைந்து போனால், தலைக்கு மேலே எட்டுக் கயிறும் சேர்ந்து ஒரே பின்னலாகும். பாட்டு முடியும்போது பின்னலும் முடியும். பிறகு அதே பாட்டைப் பாடிக்கொண்டு வந்த வழியே பின்னால் போனால் பின்னல் அவிழ்ந்து எட்டுக் கயிறும் தனித்தனியாக வந்துவிடும். ஒருத்தி ஒரு அடி தப்பினால் முடிச்சு விழும்.

கயிறுகளை நாங்களே திரித்தோம். தறியில் மிஞ்சிய கழிவு நூலை வீட்டுக்கு வீடு வாங்கி, மூன்று மூன்று புரியாக முறுக்கி, ஆளுக்கொரு நிறம். என்னுடையது காவி. பச்சை என் பெரியப்பா மகளுடையது. எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. தறிக்கான நீள இழைகளை, அதாவது பாவை, தெருவில் யார் வாசல் வரை யார் நீட்டுவது என்பதில் வந்த சண்டை. ஆட்டத்தில் மட்டும் நாங்கள் இருவரும் ஜோடி. கோலைத் தட்டிக்கொள்ளலாம், பேசிக்கொள்ளக்கூடாது என்பதாக ஒரு ஏற்பாட்டை நாங்களே வைத்துக்கொண்டிருந்தோம்.

அந்தக் கோலாட்டம் எனக்கு என்ன செய்தது என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால், கால் வலித்தது என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் ஒரு விஷயம் நடந்தது. டீச்சர் தாமே கட்டிய பாட்டைக் கரும்பலகையில் தினம் இரண்டு அடி எழுதிப் போடுவார். அதுவரை எழுத்துக்கூட்டித் தடவித் தடவிப் படித்தவள், அடுத்த அடி என்ன என்று தெரிந்துகொள்ளும் அவசரத்தில், எல்லாருக்கும் முன்னால் பள்ளிக்கூடம் போய் நானே படித்துவிட ஆரம்பித்தேன். இரண்டு வாரத்தில் எனக்குப் படிக்க வந்துவிட்டது. வந்துவிட்டது என்பது எனக்கே தெரியாது.

இதெல்லாம் அப்பாவுக்கும் தெரியாது. பத்து வயதுப் பெண் வீட்டில் ராட்டை முன்னால் உட்கார்ந்து தறி நாடாவில் வைக்கும் தார்க்குச்சியில் நூல் சுற்ற வேண்டிய காலம் அது. வருகிற கடுதாசியைப் படிக்க வீட்டில் ஒரு ஆள் வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக அம்மா கெஞ்சி என்னை ஐந்தாவது வரை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். பள்ளியில் குச்சி தட்டுகிறோம் என்று அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். நானும் அம்மாவும் மூச்சு விடவில்லை.

இன்ஸ்பெக்டரம்மா வரும் அன்று விடிகாலையில் அம்மா என்னைக் காவிரிக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தலை முழுக வைத்து, தீபாவளிப் பாவாடையைக் கட்டிவிட்டாள். அப்பா தெருவில் பாவு தோய்த்துக்கொண்டிருந்தார். தெருவின் நீளத்துக்கு இழைகளைக் கட்டி இழுத்து நிறுத்தி, கஞ்சி பூசி, வெயில் ஏறுவதற்குள் உலர்த்தி எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் அவரிடம் யாரும் பேசமாட்டார்கள். என் தம்பி பேசினான். தனக்குப் புதுச்சட்டை தராத கோபம் அவனுக்கு.

"அக்கா இன்னிக்குப் பள்ளிக்கூடத்துல ஆடப்போவுதுங்கப்பா."

அப்பா கத்தவில்லை. கஞ்சி சொட்டும் கையோடு என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். கோபத்திலும் அவர் வாயில் நான் 'சாமி'தான்.

"குச்சி தட்டறதுக்கு எதுக்குச் சாமி பள்ளிக்கூடம்? ஊட்ல ராட்டை இருக்குது. அதெச் சுத்துனா துணியாச்சும் ஆகும்." பிறகு அம்மாவைப் பார்த்து, "பாவு காஞ்சதும் போயி இவ பேரெ எடுத்துப்போட்டுட்டு வாரேன்" என்றார்.

இதுதான் கடைசி நாள் என்று தெரிந்துகொண்டு நான் பள்ளிக்கூடம் போனேன். போகிற வழியில் பெரியப்பா வீட்டுப் பாவில் ஒரு இழை அறுந்து தொங்கியது. நின்று பிணைத்துவிட்டுப் போனேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. எங்கள் தெருவில் அப்படித்தான். அறுந்த இழையைப் பார்த்துவிட்டு யாரும் தாண்டிப் போகக்கூடாது. அது யார் வீட்டுப் பாவாக இருந்தாலும் சரி. இரண்டு முனையையும் ஈரவிரலால் ஒரு முறுக்கு முறுக்கி, சேர்த்த இடம் தெரியாமல் பிணைக்க எங்களுக்கு ஐந்து வயதிலேயே கை பழகிவிடும். பெரியப்பாவோடு முகம்கொடுத்துப் பேசாத என் அப்பாவும் அவர் பாவில் இழை அறுந்திருந்தால் நின்று பிணைத்துவிட்டு, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு போவார்.

இன்ஸ்பெக்டரம்மா பத்து மணிக்கு வந்தார். கண்ணாடி போட்ட, மெலிந்த அம்மாள். முதலில் கேள்விகள். மற்றவர்கள் ஏதோ முனகினார்கள். என் முறை வந்தபோது மிகச் சுலபமான கேள்வியாகக் கேட்டார். உங்கள் ஊரில் ஓடும் ஆற்றின் பெயர் என்ன? நான் தரையைப் பார்த்தேன். அந்த ஆற்றில் நனைந்த என் தலைமுடி அப்போதும் முழுக்கக் காயாமல் முதுகில் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டரம்மா ஏதோ எழுதிக்கொண்டார். பெரிய டீச்சர் அவசரமாக எங்களை மரத்தடிக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

கோலாட்டம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. கிளுவை வேலிக்கு வெளியே தெரு ஜனம் கூடியிருந்தது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு தாளம் போட்டார். தலைக்கு மேல் பின்னல் ஒரு முழம் இறங்கியிருக்கும். அப்போது என் எதிரே வந்த பச்சைக் கயிற்றில், என் கண் உயரத்தில், ஒரு புரி அறுந்து பிரிந்தது.

மற்ற இரண்டு புரி தாங்கியிருக்கும். ஆட்டம் முடியும்வரை யாருக்கும் தெரிந்திருக்காது. இதை இன்று யோசித்துச் சொல்கிறேன். அன்று நான் யோசிக்கவே இல்லை. கோலைக் கக்கத்தில் இடுக்கினேன். என் காவிக் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டேன். பெரியப்பா மகளின் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, விரலை எச்சிலில் நனைத்து, அறுந்த புரியைச் சேர்த்து முறுக்கிப் பிணைத்தேன். அவளும் தறிக்காரர் மகள்தானே, ஏன் என்று கேட்காமல் கயிற்றை எனக்கு வாகாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கள் இருவருக்கும் அது ஆட்டத்தின் நடுவே செய்யக்கூடாத காரியமாகவே படவில்லை.

ஆனால் பாட்டு நிற்கவில்லை. எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் நிற்க வழியில்லாமல் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். உள்ளே போக வேண்டியவள் வெளியே, வெளியே போக வேண்டியவள் உள்ளே. நான் வேலையை முடித்துக்கொண்டு திருப்தியோடு மீண்டும் ஆட்டத்தில் சேர்ந்தேன். பின்னால் அவிழ்த்துக்கொண்டு வரும்போதுதான் தெரிந்தது. அந்த இடத்தில் பின்னல் இறுகிக்கொண்டது. ஒரு அடி எடுத்து வைத்தால் கயிறு நீளம் குறைந்தது. எட்டுப் பேரும் கொஞ்சம் கொஞ்சமாக நடுவே இழுக்கப்பட்டுத் தலையோடு தலை மோதிக்கொண்டு, ஒற்றைக்காலில் எக்கிக்கொண்டு நின்றோம். பாட்டு ஒவ்வொரு வாயாக நின்றது. வேலிக்கு வெளியே சிரிப்பு எழுந்தது. இன்ஸ்பெக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார்.

பெரிய டீச்சரின் முகம் வெளுத்துப்போயிற்று. கயிறுகளை விட்டுவிட்டு வரிசையில் வந்து நிற்கும்படி எங்களைக் கூப்பிட்டார். சிவப்புக் கயிற்றுக்காரி விடப்போனாள்.

"ஆரும் கையெ உட்றாதீங்க."

யாரோ கத்தினார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தறியில் சிக்கு விழுந்தால் முதல் காரியம் இழைகளைத் தளரவிடாமல் பிடித்துக்கொள்வது. தளர்ந்தால் எது எதற்கு மேலே போகிறது என்பதே தெரியாமல் போய்விடும். இழுத்துப் பிடித்திருக்கும்வரை சிக்கு கண்ணுக்குத் தெரியும். நான் தலையைத் தூக்கிப் பின்னலைப் பார்த்தேன். தெரிந்தது. காவி பச்சைக்கு மேலே போக வேண்டிய இடத்தில் ஊதா குறுக்கே வந்திருந்தது. வெள்ளை, ஊதாவைச் சுற்றிக்கொண்டிருந்தது.

பெயர் சொல்லிக் கூப்பிட நேரமில்லை. நிறத்தைச் சொல்லிக் கூப்பிட்டேன். "செவப்பு, நீ அசையாத. வெள்ளெ, நீ ஊதாவுக்கு அடியில நொழஞ்சு வா. இப்படி இல்லெ, சோத்துக்கைப் பக்கம். பச்செ, நீ அப்படியே நில்லு, ஆடாத."

மற்ற ஏழு பேரில் என்னை மதித்தவர்கள் யாரும் கிடையாது. அன்று எல்லாரும் சொன்ன பேச்சுக் கேட்டார்கள். வெள்ளை நுழைந்தாள், ஊதா திரும்பினாள், மஞ்சள் குனிந்தாள். பெரியப்பா மகள் மட்டும், நான் சொன்னபடி, முதலிலிருந்து கடைசிவரை ஒற்றைக்காலில் எக்கி அசையாமல் நின்றாள். வேலிக்கு வெளியே சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. கடைசியில் ஊதா தானாக வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. நாங்கள் யாரும் சொல்லாமலே விட்ட இடத்திலிருந்து பாட்டை எடுத்தோம். எட்டுக் கயிறும் தனித்தனியாக அவரவர் கையில் வந்து நின்றன.

பார்வைப் புத்தகத்தின் அடுத்த வரி இது: 'பத்து ஐம்பத்திரண்டு: சீராயிற்று. மாணவிகள் தாமே சீர்செய்தனர்.' அந்தத் 'தாமே' என்ற சொல்லைப் படித்தபோது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. அந்தப் பள்ளியின் அலுவலக அறையில் யாரும் இல்லாததால் அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தேன்.

இன்ஸ்பெக்டரம்மா என்னை அருகே அழைத்து, இந்த வித்தையை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். ஆரும் சொல்லித்தரலீங்க, தறிக்காரங்க ஊட்ல எல்லாருக்கும் தெரியுமுங்க என்றேன். அதுவரை என் வாழ்வின் மிக நீளமான பதில் அதுதான். அவர் சிரித்துவிட்டு, சரி, இப்போது சொல், உங்கள் ஊர் ஆற்றின் பெயர் என்ன என்றார்.

"காவேரிங்க."

வேலிக்கு வெளியே வரை கேட்டிருக்கும். அவர் கிளம்பும் முன் கயிறுகளை மறுபடி பின்னச் சொல்லி, அந்தப் பின்னலை அவிழ்க்காமல் ஒரு வாரம் மரத்திலேயே விட்டு வைக்கும்படி டீச்சரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனேன். மேஜைமேல் கிடந்த என் மகளின் பள்ளிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்திருக்கிறது. பரீட்சைக் கவலை எனக்குத் தீரவில்லை. அவள் மற்றவர்களுடைய வசனத்தையும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாளே, அந்த உதடுகளை நினைத்தேன்.

அன்று இன்ஸ்பெக்டரம்மாவின் வண்டி போன பிறகு, மத்தியான மணி அடிப்பதற்குச் சற்று முன்னால், அப்பா வந்தார். இடுப்பில் துண்டு, முழங்கை வரை காய்ந்த கஞ்சி. நான் புங்கமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். கோலாட்டத்தில் கிடைத்த வாய் அப்பாவைக் கண்டதும் போய்விட்டது. பாவு காய்ந்துவிட்டது, பேரை எடுக்க வந்துவிட்டார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

அவர் டீச்சரிடம் போகவில்லை. நேரே தொங்கிக்கொண்டிருந்த பின்னலிடம் வந்தார். எட்டில் பச்சையை மட்டும் எடுத்துக் கட்டைவிரலால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. திரும்பவும் தடவினார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பாவில் நாங்கள் பிணைத்த இழையை அவர் சோதிப்பது அப்படித்தான். சேர்த்த இடம் விரலில் தட்டினால் பிரித்து மறுபடி பிணைக்கச் சொல்வார். அவர் பிரிக்கவில்லை.

"இதெப் பிணைச்சது ஆரு?"

பெரியப்பா மகள்தான், இரண்டு வருஷப் பேச்சின்மையைத் தாண்டிக்கொண்டு, சொன்னாள். "என்றெ கயிறுதானுங்க சித்தப்பா. தங்கச்சிதான் பிணைச்சுது."

அப்பா அவளைப் பார்த்தார். "அத்தனெ நேரம் ஒத்தக்கால்ல நின்னியே. கால் வலிக்குதா சாமி?"

இல்லீங்க என்று அவள் தலையாட்டினாள். அப்போதுதான் வந்தவருக்கு அவள் ஒற்றைக்காலில் நின்றது எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றவில்லை. பத்தரை மணியிலிருந்து அவர் கிளுவை வேலிக்கு வெளியே பெரியப்பாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்ததையும், வீட்டுக்குப் போய்ப் பாவைச் சுருட்டி வைத்துவிட்டுத் திரும்பி வந்ததையும் அம்மா எனக்குச் சொல்ல ஏழு வருஷம் ஆயிற்று. நான் ஆசிரியைப் பயிற்சிக்குக் கிளம்பிய அன்று சொன்னாள். அன்றைக்கு எனக்கு மரத்தின் பட்டையும் என் பயமும்தான் தெரிந்தன.

அப்பா துண்டை இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு பெரிய டீச்சர் முன்னால் போய் நின்றார். பள்ளிக்கூடத்துக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

"ஏனுங்க டீச்சரம்மா, அஞ்சாவதுக்கு மேல படிக்கோணும்னா, புள்ளையெ எந்த ஊருக்குங்க அனுப்போணும்?"

பள்ளியை விட்டு மட்டும் அல்ல, ஊரை விட்டே என்னை அனுப்பப்போகிறார் என்று நினைத்து, மரத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தேன்.